இணையவழிக் குரலும் எமது கடமையும்

கல்லூரி விழா மலரொன்றில் இடம்பெறும் கட்டுரை சமயம், இலக்கியம், கல்வி என்னும் மூன்றனுள் ஒன்றைப் பற்றியதாக இருத்தல் வழக்கம். தொலைபேசியிற் குரல் தெளிவாகக் கேட்பதும் கேளாதொழிவதும் பற்றி எழுதப் புகும் எம்மை நோக்கி, 'இஃது ஈண்டு வேண்டுவதோ?' என வினவும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். அவர்க்கு யாம் கூறும் விடை இதுவே. ஓர் ஊரின் குடும்பங்கள் பல, கடல் கடந்து வரும் குரலொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு வாழுமாயின், அக்குரல் சிதையாமற் சேர்தல் வெறும் வணிக விடயமன்று. ஊரார் யாவரும் கருத்திற் கொள்ள வேண்டிய பொதுக் காரியமாகும். கற்றோர் கூடும் மலரில் அதனைப் பேசாது வேறெங்குப் பேசுவது?

கல்லடிப் பாலத்தைக் கடந்து, நாவற்குடா வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் ஊரொன்றைக் காண்பர். அதுவே காத்தான்குடி. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் அவ்வூரில், 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 40,000 மக்கள் வாழ்ந்தனர். நெசவுக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற அவ்வூரிலிருந்து, கடந்த அரை நூற்றாண்டாகச் சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் பலர். அயலே உள்ள ஆரையம்பதி, கல்லடி, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக் கிராமங்கள் ஆகியவற்றின் நிலையும் இதுவே. வாப்பா கட்டாரிலும் உம்மா காத்தான்குடியிலும் இருக்கும் வீடுகள் ஒருபுறம். தாய் குவைத்திற் பணிப்பெண்ணாக இருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் மறுபுறம். எம்மதத்தவராயினும் இவ்வீடுகளைப் பிணைத்து வைத்திருக்கும் கயிறு ஒன்றே. அது நாள்தோறும் இரவில் ஒலிக்கும் கைத்தொலைபேசி அழைப்பாகும்.

முன்னாளில் இக்கயிறு வேறு வடிவிலிருந்தது. எண்பதுகளிற் கடல் கடந்து சென்றோர் தம் குரலை ஒலிநாடாவிற் பதிந்து, ஊருக்குத் திரும்புவோர் கையிற் கொடுத்தனுப்பினர். அது வந்துசேர வாரங்கள் பல சென்றன; ஆயினும் வந்த குரல் ஓரெழுத்தும் குறையாது வந்தது. உடனுக்குடன் பேசுதல் வேண்டின் தொலைபேசி நிலையத்திற் காத்திருந்து, நிமிடக் கணக்கிற் பணம் கட்டிப் பேசினர். அவ்வழைப்புக்களுட் பல செய்மதி வழியே சென்றன. நிலவுலகுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு ஏறி மீண்டும் இறங்குதற்கு, ஒளியின் வேகத்திற் செல்லும் அலைக்கும் கால் செக்கன் ஆகும். ஒருவர் வினவ மற்றவர் விடை கேட்பதற்குள் அரைச் செக்கன் கழிந்தது. இருவரும் ஒருங்கே பேசத் தொடங்கி, ஒருங்கே நிறுத்தி, மீண்டும் ஒருங்கே தொடங்கிய அந்நாள் அனுபவம் மூத்த பழைய மாணவர்க்கு நினைவிருக்கும்.

இன்று நிலை மாறிவிட்டது. கடலடியிற் கிடக்கும் கண்ணாடியிழை வடங்கள் இலங்கையை உலகோடு இணைக்கின்றன. 1999-இல் இயங்கத் தொடங்கிய சீ-மீ-வி 3, 2005-இல் வந்த நான்காம் வடம், 2016-இன் இறுதியில் மாத்தறையிற் கரையேறி இயங்கத் தொடங்கிய ஐந்தாம் வடம் என இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணாடியிழையில் ஒளி 1,000 கிலோமீற்றர் தூரத்தை 5 மில்லிசெக்கனிற் கடக்கும். வளைகுடா நாடுகள் நமக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளன. ஆகவே, வடத்தின் நீளம் பற்றிய தாமதம் இருபது முப்பது மில்லிசெக்கனாகவே இருத்தல் வேண்டும். வடம் சுற்றிச் செல்லினும் இன்னுஞ் சிறிது கூடும், அவ்வளவே. பின்னர் ஏன் இரவில் அழைப்பு எடுத்தால் 'கேக்குதா? கேக்குதா?' என்னும் வினாவே உரையாடலின் பாதியாகின்றது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இணையத்திற் குரல் செல்லும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

பழைய தொலைபேசியில், பேசுவோர் இருவர்க்கும் இடையே ஒரு வழி முழுதும் ஒதுக்கப்பட்டது. இணையத்தில் அவ்வாறு ஒதுக்கீடு இல்லை. பேசும் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் அளவுடைய துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு பொதியாகக் கட்டப்படுகின்றது. ஒரு செக்கனுக்கு 50 பொதிகள் ஒரு முனையிலிருந்து புறப்படுகின்றன. ஒவ்வொரு பொதியின் மேலும் அதன் வரிசை இலக்கமும் நேரக் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஆர்.ரி.பி. என்னும் நெறி இதற்கு அடிப்படை. பொதிகள் பிறருடைய படங்களோடும் பாடல்களோடும் கடிதங்களோடும் ஒரே வீதியிற் கலந்து செல்கின்றன. மறுமுனையிலுள்ள கருவி அவற்றை வரிசைப்படுத்தி மீண்டும் குரலாக்குகின்றது.

கடிதம் பத்து நிமிடம் பிந்தி வரினும் கடிதமே. ஆயின் பிந்தி வந்த குரற்பொதி பயனற்றது. அது சேர வேண்டிய சொல் அதற்குள் ஒலித்து முடிந்துவிடும். ஆதலின், தொலைந்த பொதியை மீட்டும் கேட்டுப் பெறுதலை விட, அதனை விட்டுவிட்டு அடுத்ததை ஒலித்தலே குரலுக்கு ஏற்ற நெறி எனப் பொறியியலார் கொண்டனர். ஒலிநாடாவிற் குரல் முழுமையாக வந்தது, ஆயிற் பிந்தி வந்தது. இணையவழிக் குரல் உடனே வருகின்றது, ஆயிற் குறையுற்று வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே எவ்வளவு தாமதம் பொறுக்கலாம், எவ்வளவு குறை பொறுக்கலாம் என்பதே சேவைத்தரம் என்னும் கலையின் சாரம்.

குரலைக் கெடுப்பன மூன்று. முதலாவது தாமதம். ஒருமுனையினின்று மறுமுனைக்கு 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்ட தாமதம் பெரும்பாலும் உரையாடலைக் கெடுக்காது என்றும், வலையமைப்பைத் திட்டமிடுவோர் 400 மில்லிசெக்கனைக் கடக்க விடலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தனது ஜி.114 என்னும் பரிந்துரையிற் கூறுகின்றது. இரண்டாவது தாமத வேறுபாடு. ஒரு பொதி 40 மில்லிசெக்கனிலும் அடுத்தது 140 மில்லிசெக்கனிலும் வருமாயின், சராசரி நன்றாயினும் குரல் தெறித்துத் தெறித்துக் கேட்கும். இதனைச் சமன்செய்யக் கருவி பொதிகளைச் சற்றே தேக்கி வைத்து ஒலிக்கும். அத்தேக்கமும் தாமதத்தையே கூட்டும். மூன்றாவது பொதி இழப்பு. நூற்றுக்கு ஒரு பொதி அங்குமிங்குமாக இழக்கப்படின் கருவி அதனை ஊகித்து மூடிவிடும். தொடர்ச்சியாகப் பல பொதிகள் இழக்கப்படின் மூடுதற்கு ஒன்றுமில்லை.

இம்மூன்றாவது குறை நம் மொழிக்கு இழைக்கும் தீங்கு பெரிது. நம் இலக்கண நூலார் எழுத்தொலியின் அளவைக் கண்ணிமைக்கும் பொழுது கொண்டு வரையறுத்து, அதற்கு மாத்திரை எனப் பெயரிட்டனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனக் கணக்கும் வகுத்தனர். மூன்று நான்கு பொதிகள் தொடர்ந்து இழக்கப்படின் குறிலொன்று முழுதும் மறைந்துபோகலாம். நெடில் குறுகிக் குறில்போல் ஒலிக்கலாம். 'பாடம்' என்பதும் 'படம்' என்பதும் வேறுபடுவது ஒரு மாத்திரையால் அன்றோ? மேலும், தமிழிற் பொருளின் முடிபு சொல்லின் இறுதியில் நிற்கின்றது. வந்தது ஆணோ பெண்ணோ என்பது 'வந்தான்', 'வந்தாள்' என்னும் ஈற்றெழுத்தொன்றால் அறியப்படும். 'கிடைக்கும்' என்பதற்கும் 'கிடைக்காது' என்பதற்கும் முற்பகுதி ஒன்றே. வாக்கியத்தின் வாலறுந்தால் உடன்பாடு எதிர்மறையாகும், எதிர்மறை உடன்பாடாகும். 'எழுபதாயிரம்' என்றாரோ 'எண்பதாயிரம்' என்றாரோ என்பது தெளியாது நின்றால், அனுப்பிய பணத்தைப் பற்றிக் குடும்பத்தில் ஐயம் எழுகின்றது. மருத்துவர் கூறிய மருந்தின் அளவையும், கலியாணப் பேச்சில் ஒருவர் தந்த வாக்கையும், மௌத்தான செய்தியையும் இவ்வாறு குறைந்த குரலிற் கேட்போரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, இக்குறைகள் எங்கே எழுகின்றன? வடத்தில் அன்று என்பதை முன்னரே கண்டோம். வடங்கள் அறுந்த காலங்களும் உண்டு. 2008-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையில் வடங்கள் சிதைந்தபொழுது தென்னாசியாவும் வளைகுடாவும் ஒருங்கே அல்லலுற்றன. ஆயின் அவை அரிதாக நேர்வன. நாள்தோறும் நேரும் குறையோ பெரும்பாலும் வரிசையிற் பிறப்பது. ஒரு கோபுரத்தின் கீழ் உள்ள அலைவரிசையை அதன் எல்லைக்குள் இருப்போர் யாவரும் பகிர்ந்துகொள்கின்றனர். கிராமத்தில் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் நூறு வீடுகள் இருக்கலாம். காத்தான்குடியிலோ அதே பரப்பில் ஆயிரம் வீடுகள் இருக்கும். வீதி நிறைந்தவுடன் பொதிகள் வரிசையில் நிற்கின்றன. வரிசை நீளும்போது தாமதம் கூடுகின்றது. நீண்டு குறுகும்போது தாமத வேறுபாடு தோன்றுகின்றது. நிரம்பி வழியும்போது பொதிகள் வீசப்படுகின்றன. மூன்று நோய்க்கும் மூலம் ஒன்றே.

இந்நோய் முற்றும் வேளை எது என்பதையும் நோக்குவோம். கட்டார், குவைத், சவூதி அரேபியா ஆகியவற்றின் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி பிந்தியது. அங்கே வேலை முடித்து, குளித்து, உணவு சமைத்து மாலை ஏழு மணிக்கு ஒருவர் ஓய்ந்து அமரும்போது இங்கே இரவு ஒன்பதரை மணி. ஊரிலுள்ளோர் அனைவரும் படமும் பந்தாட்டமும் பார்க்கும் வேளையும் அதுவே. வலையமைப்பு மிக நெருக்குண்ணும் பொழுதும், தந்தை மக்களோடு பேசக் கிடைக்கும் பொழுதும் ஒன்றாக அமைந்துவிட்டன. வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வீட்டார் உறங்கிய பின் அவளுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம் சிதைந்த குரலிற் கழியுமாயின், அதனை மறுநாள் மீட்டும் பெறுதற்கு வழியில்லை.

இங்கே ஒரு வியப்பு உண்டு. குரலுக்கு வேண்டிய இடம் மிகச் சிறிது. பழைய தொலைபேசி முறைக் குரலைக் குறையாமல் அனுப்பினும், பொதியின் மேலுறையோடு சேர்த்துச் செக்கனுக்கு 80 கிலோபிற் போதும். 2012-இல் நெறிப்படுத்தப்பட்ட ஓப்பஸ் போன்ற புதிய குறியீட்டு முறைகள் அதனினும் குறைந்த அளவில் அதனினும் இனிய குரலைத் தருகின்றன. பத்து நிமிட உரையாடல் ஒரு திசையில் மூன்று நான்கு மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். தெளிவான திரைப்படம் ஒன்றைப் பார்த்தற்குச் செக்கனுக்குப் பல ஆயிரம் கிலோபிற் வேண்டும். ஆகவே, குரல் கேட்பது அகன்ற வீதியை அன்று. தடையின்றி நடக்கக்கூடிய ஓர் ஒற்றையடிப் பாதையையே.

இதனை உணராமையே இன்றைய குழப்பத்துக்குக் காரணம் என்பது எம் கருத்து. விளம்பரப் பலகைகள் யாவும் வேகத்தையே பேசுகின்றன. வாங்குவோரும் வேகத்தையே வினவுகின்றனர். நண்பகலில் அளந்த பதிவிறக்க வேகம் எவ்வளவு உயர்ந்ததாயினும், இரவு ஒன்பதரைக்குக் குரல் எவ்வாறு இருக்கும் என்பதை அது கூறாது. ஆற்றின் அகலத்தை அளந்துவிட்டு, தோணி கவிழாது என உறுதி கூறுதல் போன்றது அது. அளக்க வேண்டியது சீர்மை. எவ்வளவு விரைவில் வருகின்றது என்பதோடு, ஒரே சீராக வருகின்றதா, முழுமையாக வருகின்றதா என்பனவும் அளக்கப்படல் வேண்டும்.

சேவை நிறுவனத்தார் பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. அதனையும் நேர்மையோடு எடுத்துக் கூறுதல் முறை. 'வட்ஸ்அப் போன்ற செயலிகளை நடத்துவோர் பிறநாட்டு நிறுவனத்தார். கோபுரம் நாட்டுவதும் உரிமக் கட்டணம் செலுத்துவதும் யாம், பயன் அவர்க்கு. அச்செயலிகளில் எழும் குரலின் தரத்துக்கு யாம் எங்ஙனம் பொறுப்பாவோம்?' என்பர். இதில் உண்மை சிறிது உண்டு. ஆயின் குடும்பத்தலைவி இணையத் தரவை இனாமாகப் பெறவில்லை. பணம் செலுத்தியே பெறுகின்றாள். அவள் வாங்கிய பொதியைச் சீராகக் கொண்டுசேர்த்தல் விற்றவர் கடன். மேலும், இந்நிறுவனங்கள் தம் நான்காந் தலைமுறை வலையமைப்பிற் குரல் அழைப்புத் தரும்பொழுது, அக்குரலுக்கெனத் தனிவழி ஒதுக்கும் ஏற்பாடு அவ்வமைப்பின் விதியிலேயே உண்டு. அவ்வழிக்கு 100 மில்லிசெக்கன் எல்லையும் உறுதியான இடமும் வகுக்கப்பட்டிருக்க, ஏனைய இணையப் பொதிகளுக்கு 300 மில்லிசெக்கன் எல்லையுள்ள பொதுவழியே வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே, குரலைச் சீராகக் கொண்டுசெல்லும் வித்தை அறியாதவர் ஒருவருமிலர். அவ்வித்தை உள்ளூர் அழைப்புக்குப் பயன்பட்டு, கடல் கடந்த ஏழையின் அழைப்புக்குப் பயன்படாது நிற்பதே குறை.

'அப்படியாயின் எல்லாக் குரலுக்கும் முன்னுரிமை தருக' என்றால், 'அது பொதிகளை நடுநிலையோடு நடத்தும் கொள்கைக்கு மாறு' எனச் சிலர் கூறுவர். அஃது அவ்வாறன்று. ஒரு நிறுவனத்தின் குரலை ஏற்றி மற்றதன் குரலைத் தாழ்த்துதலே நடுநிலைக்கு மாறு. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இயற்றிய விதியும், தொழில்நுட்பத் தேவை பற்றிப் பொதிகளை வகைப்படுத்தி நடத்துதலை ஏற்று, வணிக நோக்கம் பற்றி வேற்றுமை செய்தலை விலக்குகின்றது. வட அமெரிக்காவில் மடிசன் ரிவர் என்னும் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் இணையவழிக் குரலைப் பயன்படுத்துவதைத் தடுத்தபொழுது, அந்நாட்டு ஆணைக்குழு தலையிட, அது 2005-இல் 15,000 டொலர் செலுத்தி இனித் தடுப்பதில்லை என உடன்பட்டது. வரிசைகள் நீளாது பேணும் முறைகளும் இன்று நன்கு அறியப்பட்டுள்ளன. அவற்றை மேற்கொள்வோர்க்கு முன்னுரிமை என்னும் பேச்சே வேண்டாதாகும்.

தரம் குறைதல் ஒரு தீங்கு. முற்றும் தடுத்தல் அதனினும் பெருந்தீங்கு. சவூதி அரேபியா நெடுநாள் விதித்திருந்த தடையை 2017 செத்தெம்பரில் நீக்கியது. ஐக்கிய அரபு அமீரகம் உரிமம் பெற்ற செயலிகள் வழியாகவே இணையக் குரலை அனுமதிக்கும் முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்துள்ளது. அங்கே இருப்போர் ஊரிலுள்ளோர்க்குப் பழக்கமான செயலியை விட்டு வேறொன்றை நாட வேண்டியவராயினர். அவை பிற நாடுகளின் சட்டங்கள்; அவற்றை மாற்றுதல் நம் கையில் இல்லை. நம் நாட்டிலேயே நிகழ்ந்தவற்றை என்னென்பது? 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக எழுந்த வன்செயலின்போதும், 2019 ஏப்ரல் 21-ஆம் நாள் உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரல் 3-ஆம் நாளும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. வதந்தி பரவாது காத்தலே முன்னைய இரு தடைகளுக்கும் காட்டப்பட்ட காரணம். வதந்தி கொடியது என்பதை மறுப்பாரில்லை. ஆயின் அத்தடைகளுள் எழுத்தும் படமும் மட்டுமன்றி, அச்செயலிகள் வழியே செல்லும் குரலும் அகப்பட்டுக்கொண்டது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்த அந்நாளில், தம் பிள்ளை உயிரோடு உளதோ என அறியத் தவித்த தாய் கடலுக்கு அப்பால் இருந்திருப்பாள். பின்வந்த நாள்களிற் காத்தான்குடியிற் குற்றமற்றோர் பலரும் ஐயப்பார்வைக்கு ஆளாகி அஞ்சியிருந்தபொழுது, அவர்தம் உறவினர் வெளிநாடுகளில் அதே தவிப்புற்றனர். வதந்தியை அழிக்கவல்லது அறிந்தவர் குரலே; அக்குரலையும் சேர்த்து அடைத்தல் நோயோடு மருந்தையும் வீசுதலாகும். எத்தகைய நெருக்கடியிலும் குரல் அழைப்பைத் தடையினின்று விலக்கி வைத்தல் வேண்டும் என்பதை அரசு விதியாகவே கொள்ளுதல் தகும்.

இனிச் செய்யவேண்டியது யாது? முதலில் அளத்தல். இது புதிதுமன்று, அரிதுமன்று. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றுசேர்ந்து, இணையச் சேவையின் தரத்தைப் பாவனையாளர் பக்கத்திலிருந்தே அளக்கும் முறையொன்றை வகுத்தனர். இரு நாட்டுப் பண்டை மன்னர் பெயர்களையும் இணைத்து 'அசோகதிஸ்ஸ' என அதற்குப் பெயரிட்டனர். பதிவிறக்க வேகத்தோடு நில்லாது, தாமதம், தாமத வேறுபாடு, பொதி இழப்பு ஆகியவற்றையும், நாளின் வெவ்வேறு வேளைகளில் அது அளந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் 2024 ஓகஸ்டில் வெளியிட்ட சேவைத்தர விதிகளில் இவற்றுக்கு இடமளித்துள்ளது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழிவந்த நம் நாட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் இது இயலாததன்று. நாடு முழுவதற்கும் ஒரு சராசரி கூறுதல் போதாது. கொழும்பின் நிறைவு காத்தான்குடியின் குறைவை மறைத்துவிடும். ஊர் ஊராக, இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை அளந்து, நிறுவனத்தின் பெயரோடு வெளியிடல் வேண்டும். எவர் வரிசையைக் குறைத்தார், எவர் மக்கள் நெருங்கிய ஊரிற் கோபுரம் கூட்டினார் என்பது வெளிப்பட்டால், வாங்குவோர் தாமே தீர்ப்பளிப்பர். 2022-இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தையும் நினைவிற்கொண்டு, மின் நின்றபின் கோபுரம் எத்தனை மணி நேரம் இயங்கும் என்பதையும் அவ்வறிக்கையிற் சேர்த்தல் நன்று.

ஆணைக்குழு அளக்கும் வரை நாம் வாளாவிருத்தல் வேண்டுமோ? வேண்டியதில்லை. இங்கேயே எம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பணி தொடங்குகின்றது. நம் மண் ஒலியை நுணுகிக் கேட்ட மண். வாவியிற் பாடும் மீனின் ஓசையைக் கேட்க விழைவோர், நிலவு நாளில் தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் அமிழ்த்தி அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்டனர். காற்றில் தேய்ந்துபோகும் ஒலி மரத்தின் வழியே தெளிவாக வரும் என்பதைத் தோணிக்காரர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இம்மண்ணிற் பிறந்து அறிவியல் கற்ற சுவாமி விபுலாநந்தர், ஒலியின் அளவுகளைக் கணக்கிட்டு 1947-இல் யாழ்நூலைத் தந்தார். அவர் வழிவந்தோம் எனப் பெருமை பேசும் நமக்கு, அயலவர் வீட்டுக் குரல் ஏன் சிதைகின்றது என அளந்து பார்த்தல் பெரிய காரியமோ?

யாம் முன்வைக்கும் திட்டம் எளியது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பயிலும் மாணவர், காத்தான்குடிப் பாடசாலை மாணவரோடு ஒன்றுசேர்ந்து, மட்டக்களப்பு நகர், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய நான்கிடத்தும் ஆறு மாதம் நாள்தோறும் நான்கு வேளை அளந்து குறித்தல் வேண்டும். அளத்தற்கு வேண்டிய மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. கருவியின் கணக்கோடு காதின் கணக்கும் வேண்டும். கேட்போர் ஒரு குரலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி வழங்க, அவற்றின் சராசரியைத் தரமாகக் கொள்ளும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே வகுத்துள்ளது. எத்துணைக் கருவிகள் வரினும் முடிந்த நீதிபதி மனிதச் செவியே என்பதற்கு அதுவே சான்று. நம் மாணவர் 'விடு', 'வீடு' போன்ற சொல்லிணைகளையும், 'எழுபது', 'எண்பது' போன்ற எண்ணுப் பெயர்களையும் தெரிந்தெடுத்து, எத்தனை சரியாகக் கேட்கப்பட்டன எனக் குறிப்பாராயின், தமிழ்க்குரலின் தரம் பற்றி நாமே ஆக்கிய ஓர் ஏடு நம் கையில் இருக்கும். வெளிநாடுகளில் உள்ள பழைய மாணவர் மறுமுனையில் அமர்ந்து உதவலாம். விழாவுக்கு நன்கொடை அனுப்புவோர், இத்தொண்டுக்கு வாரம் அரைமணி நேரம் அனுப்புதல் அரிதன்று. அவ்வேட்டோடு ஆணைக்குழுவின் வாயிலை அணுகும்பொழுது, நம் முறைப்பாடு புலம்பலாகாது, சான்றாகும்.

இத்திட்டத்தில் மற்றுமொரு நன்மை உண்டு. 1990-ஆம் ஆண்டின் துயரங்களும் அவற்றின் பின்வந்தனவும் இப்பகுதித் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவர் குரலை ஒருவர் கேளாத நிலைக்குத் தள்ளின. வீதியால் இணைந்த ஊர்கள் உள்ளத்தால் விலகி நின்றன. இரு சாராரின் பிள்ளைகளும் ஒரு மேசையில் அமர்ந்து, ஒரே தாய்மொழியின் சொற்களை ஒருவர்க்கொருவர் கூறி, 'கேட்டதா?' என வினவிக் குறித்துக்கொள்ளும் வேலையினும் சிறந்த நல்லிணக்கப் பயிற்சியை யாம் அறியோம்.

கல்லூரி ஒன்று விழாக் கொண்டாடுவது, கடந்த ஆண்டுகளை எண்ணி மகிழ்தற்கு மட்டுமன்று. வருங்காலத்தில் ஊருக்கு என்ன செய்யப் போகின்றோம் எனத் தீர்மானித்தற்குமாம். தொழில் தேடிச் சென்றோரைத் திருப்பி அழைக்கும் வலி இன்று நமக்கு இல்லை. அவர் இரவில் அழைக்கும்பொழுது அவர் சொல் முழுமையாக வீடு சேருமாறு செய்யும் வலியோ உண்டு. ஆணைக்குழு அளக்கட்டும், நிறுவனத்தார் திருத்தட்டும், அரசு அடையாதிருக்கட்டும். அவர்களைச் செய்விக்கும் முதற் குறிப்பேடு எமது கல்லூரி மாணவர் கையால் எழுதப்படுக என வேண்டி அமைகின்றோம்.